நடுநிலைக்காரி

என் கணவருக்கும் என் அண்ணனுக்கும் ஒன்பது வருடமாகப் பேச்சு கிடையாது. ஆனால் அந்த ஒன்பது வருடத்தில் அவர்கள் பேசிக்கொள்ளாத வாரமே கிடையாது. எல்லாம் என் வழியாகத்தான்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். அண்ணன் எட்டு மாடிக் குடியிருப்பு ஒன்றின் சங்கச் செயலாளர். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்ற விஷயம் வங்கிக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. குடியிருப்பின் லிஃப்டைப் பராமரிக்கும் வேலையை அவனே கூப்பிட்டு என் கணவருக்குக் கொடுத்தான். முதல் நாள் கருவிப்பெட்டியோடு வாசலில் போய் நின்றவரிடம், நாலு பேர் பார்க்க, "வேலைக்கு வர்றவங்களுக்குப் பின்பக்கம் வழி இருக்கு" என்றும் சொன்னான். இவர் ஒன்றும் சொல்லாமல் பின்பக்கமாகப் போனார். அன்றைக்கு மூடிய வாய்தான். வேலையை விடவில்லை, பேச்சை மட்டும் விட்டார். ஆண்களின் ரோஷம் எவ்வளவு வசதியானது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

"உன் அண்ணன்கிட்ட மெஷின் ரூம் சாவியைக் கேளு. என்னமோ தங்கம் இருக்கற மாதிரி பூட்டி வெச்சிருக்காரு" என்பார் இவர். நான் அண்ணனுக்கு ஃபோன் போட்டு, "சாவி வேணுமாம்ணா" என்பேன். "உன் புருஷனுக்கு நேரங்காலமே கிடையாதா? மனுஷன் கண் அசர்ற நேரத்துலதான் சாவி வேணுமா?" என்பான் அவன். நான் இவரிடம் திரும்பி, "நாலு மணிக்கு வரச் சொன்னான்" என்பேன். இரண்டு பக்கமும் முள்ளை எடுத்துவிட்டு மீனை மட்டும் பரிமாறிக்கொண்டிருந்தேன். குடும்பத்தில் பெரிய சண்டை வராமல் இருப்பது என் சாமர்த்தியத்தால்தான் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை வேறு.

லிஃப்டுக்கென்று ஒரு பராமரிப்புப் புத்தகம் உண்டு. மாதத்துக்கு ஒரு கட்டம். மெக்கானிக் வந்து சோதித்துவிட்டு "சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பக்கத்திலேயே செயலாளரும் போட வேண்டும். இருவரும் ஒரே இடத்தில் நிற்க மாட்டார்களே, பிறகு எப்படிப் போடுவது? அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். வருடத்தின் முதல் வாரம் புத்தகம் என் கைப்பையில் ஏறி எங்கள் வீட்டுக்கு வரும். இவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பன்னிரண்டு கட்டத்திலும் "சரி" எழுதிக் கையெழுத்துப் போடுவார். மறுபடி என் கைப்பையில் ஏறி அண்ணன் வீட்டுக்குப் போகும். அவனும் பன்னிரண்டு போடுவான். வருடம் முழுக்க லிஃப்ட் நன்றாக ஓடப்போவதை இரண்டு பேரும் முதல் வாரமே தெரிந்துவைத்திருந்தார்கள்.

ஆறாம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அண்ணி கண் டாக்டரைப் பார்க்கக் கிளம்பி ஐந்தாம் மாடியில் லிஃப்டில் ஏறினார். தரைத்தளத்தில் நிற்க வேண்டிய லிஃப்ட் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போய், அடியில் இருந்த குழியில் மோதி நின்றது. அண்ணிக்கு வலது கணுக்காலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. பிரேக் லைனிங் முழுக்கத் தேய்ந்திருக்கிறது என்று ஆய்வாளர் எழுதி, லிஃப்டுக்கு சீல் வைத்துவிட்டுப் போனார்.

அண்ணன் மறுநாளே கடிதம் அடித்துவிட்டான். அண்ணியை அறுவைசிகிச்சைக்கு உள்ளே அனுப்பிவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அடித்தான். நான் பக்கத்தில்தான் இருந்தேன், ஏதோ காப்பீட்டு விண்ணப்பம் என்று நினைத்தேன். "மேற்படி மெக்கானிக்கின் அஜாக்கிரதையே விபத்துக்குக் காரணம். இவரைப் பணிக்கு அழைப்பதைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்." இந்தக் கடிதம் நகரத்தில் உள்ள நாற்பது குடியிருப்புச் சங்கங்களுக்குப் போனது. இவர் பார்த்துக்கொண்டிருந்தது பதினோரு கட்டடம். அந்த வாரமே பத்து நின்றுபோனது. மிஞ்சியது ஒரு கிடங்கு. அங்கே மனிதர்கள் ஏறுவதில்லை, மூட்டைதான் ஏறும்.

ஐம்பத்துநாலு வயது. வேறு வேலை தெரியாது. காலையில் ஆறரைக்கே குளித்துவிட்டு, காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு, எங்கேயும் போகாமல் உட்கார்ந்திருப்பார். வீட்டில் ஒரு கதவு பாக்கி இல்லாமல் கீலுக்கு எண்ணெய் விட்டார். பிறகு பக்கத்து வீட்டுக் கதவுகளுக்கும் விட்டார். எனக்குப் பார்க்கப் பாவமாக இருந்தது. மூன்றாவது வாரம் எரிச்சலாகவும் இருந்தது.

"எனக்கு ஒரு பைசா வேண்டாம்" என்றார் இவர், வழக்குப் போடப் போன அன்று. "அந்த லெட்டரை வாபஸ் வாங்கணும். நான் எச்சரிச்சேன், உன் அண்ணன் காதுல போட்டுக்கலைன்னு எழுதிக் கொடுக்கணும். அவ்வளவுதான்."

எச்சரித்தது உண்மை. விபத்துக்கு எட்டு நாள் முன்னால் மெஷின் ரூமிலிருந்து ஃபோன் போட்டு, அண்ணனிடம் சொல்லச் சொன்னார். யாரிடம் ஃபோன் போட்டார்? என்னிடம்.

எங்கள் வக்கீலுக்கு நான் வைத்த பெயர் 'அடுத்தவாரம்'. எதைக் கேட்டாலும் அடுத்த வாரம். அவர் முதல் சந்திப்பில் என்னைப் பார்த்து, "தகவலை உங்க அண்ணன்கிட்ட சொன்னீங்கல்ல?" என்று கேட்டார். "சொன்னேன்" என்றேன். "பிரமாதம்!" என்று எழுதிக்கொண்டார். என்ன சொன்னேன் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லும் வழக்கம் எனக்கும் இல்லை என்று அன்றைக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பத்தாம் மாதம், விசாரணை தொடங்கும் முன்பே, நீதிமன்றம் எங்களை முன்கூட்டிய நடுநிலை மதிப்பீட்டுக்கு அனுப்பியது. அடுத்தவாரம் விளக்கினார்: "ஓய்வு பெற்ற ஜட்ஜ் ஒருத்தர் உக்காந்திருப்பார். ரெண்டு பக்கமும் பத்துப் பக்கம் எழுதிக் கொடுக்கணும். படிச்சுட்டு, ரெண்டு மணி நேரம் கேட்டுட்டு, இந்தக் கேஸ் கடைசி வரைக்கும் போனா என்ன ஆகும்னு இப்பவே சொல்லுவார்."

"தீர்ப்பா?" என்றார் இவர்.

"தீர்ப்பு இல்ல. அபிப்பிராயம். யாரையும் கட்டுப்படுத்தாது. உள்ள பேசினது எதையும் நாளைக்குக் கோர்ட்ல எடுத்துப் பேச முடியாது. அதைக் கேட்டுட்டு ராசியாகணும்னு தோணுச்சுன்னா ஆகலாம். இல்லேன்னா வழக்கை நடத்தலாம்."

ஆக, மழை வருமா வராதா என்று சொல்லுவார். குடை எடுப்பது நம் இஷ்டம். இதற்கு ஒரு ஓய்வு பெற்ற நீதிபதி, இரண்டு வக்கீல்கள், ஒரு வாடகை அறை. நான் ஒன்பது வருடமாக இதே வேலையை இரண்டு வீட்டுக்கும் நடுவில் நின்று இலவசமாகச் செய்துகொண்டிருக்கிறேன், என்னை யாரும் மதிப்பீட்டாளர் என்று கூப்பிட்டதில்லை. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

அறை ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல் மாடியில் இருந்தது. கீழே யாருக்கோ பல்லைக் குடையும் சத்தம் தரை வழியாக வந்துகொண்டேயிருந்தது. கண்ணாடி போட்ட நீள மேசை, ஆறு நாற்காலி, மூலையில் ஒரு வாளி. அதில் ஏசி சொட்டிக்கொண்டிருந்தது. மதிப்பீட்டாளர் குள்ளமான, சுத்தமான மனிதர். அவருக்கு இடது காது கேட்காது. இது இரண்டு வக்கீல்களுக்கும் முன்பே தெரிந்திருக்கிறது. அடுத்தவாரம் தன் வாழ்நாளில் முதல்முறையாக அரை மணி முன்னதாக வந்து வலதுபக்க நாற்காலியில் பையைப் போட்டு இடம் பிடித்திருந்தார். எதிர் வக்கீல் அந்தப் பையை எடுத்துக் கீழே வைத்துவிட்டுத் தன் பையைப் போட்டார். ஒரு மனிதனின் மானம் போகிற விஷயத்துக்கு வந்தவர்கள், பேருந்தில் ஜன்னல் சீட்டுக்கு அடித்துக்கொள்வதைப் போல அடித்துக்கொண்டார்கள்.

மதிப்பீட்டாளர் தன் நாற்காலியைத் தூக்கி மேசையின் தலைமாட்டிலிருந்து பக்கவாட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டார். இப்போது அவருடைய நல்ல காது சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் பக்கம் இருந்தது.

"இவங்க யாரு?" என்றார்.

"சும்மா கூட வந்தவங்கய்யா" என்றார் அடுத்தவாரம்.

"செயலாளரோட தங்கச்சி" என்றார் எதிர் வக்கீல், அது ஏதோ எங்கள் பக்கத்துக் குற்றம் போல.

அண்ணன் மேசைக்கு அந்தப் பக்கம் கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வங்கியில் கடைசி நாள் போட்ட அதே கோட்டு. இந்தப் பக்கம் இவர் காக்கிச் சட்டையில். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஒரே வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் முக்கால் மணி நேரம் வக்கீல்கள் பேசினார்கள். இரண்டு பக்கமும் எழுதிக் கொடுத்த பத்துப் பக்கத்தை அப்படியே வாயால் சொன்னார்கள். எங்கள் பத்துப் பக்கத்தில் என் கணவர் மாதா மாதம் தவறாமல் சோதித்தார் என்றும், அதற்குப் பராமரிப்புப் புத்தகமே சாட்சி என்றும் இருந்தது. அவர்கள் பத்துப் பக்கத்தில், செயலாளர் மாதா மாதம் மேற்பார்வை செய்தார் என்றும், அதற்கும் பராமரிப்புப் புத்தகமே சாட்சி என்றும் இருந்தது. இரண்டு பேரும் புத்தகத்தின் நகலை இணைத்திருந்தார்கள். இரண்டு நகலும் ஆறாம் மாதத்தோடு நின்றது.

"ஒரிஜினல் இருக்கா?" என்றார் மதிப்பீட்டாளர்.

எதிர் வக்கீல் பைக்குள் கையை விட்டார். கை வெளியே வர நேரம் ஆனது. பச்சை அட்டை போட்ட புத்தகம் வந்தது. மதிப்பீட்டாளர் ஆறாம் மாதத்தைப் பார்த்தார். பிறகு பக்கத்தைத் திருப்பினார். நான் சுவரைப் பார்த்தேன்.

"ஏழாம் மாசம், சரி. கையெழுத்து, கையெழுத்து" என்று நிதானமாகப் படித்தார். "எட்டாம் மாசம், சரி. அப்ப லிஃப்ட் சீல் வெச்சு மூடியிருந்துச்சு இல்ல?"

எதிர் வக்கீல் தன் நகலைப் பைக்குள் திணித்தார்.

"இது பத்தாம் மாசம். பன்னிரண்டாம் மாசமும் சரின்னு இருக்கு. ரெண்டு பேரும் போட்டிருக்கீங்க." கண்ணாடியைக் கழற்றினார். "வராத மாசத்துக்கு லிஃப்ட் நல்லா ஓடுதுன்னு எப்படித் தெரிஞ்சுது?"

அடுத்தவாரம் ஏதோ சொல்ல வந்தார். மதிப்பீட்டாளர் கையைக் காட்டி நிறுத்தினார். "வக்கீல் சார், நீங்க சொல்ல வேண்டாம். கையெழுத்துப் போட்டவங்க சொல்லட்டும்."

"நாங்க பேசிக்கறதில்ல ஐயா" என்றார் என் கணவர்.

"ஆமா, பேசிக்கறதில்ல" என்றான் அண்ணன். ஒன்பது வருடத்தில் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

"அதனால?"

"அதனால வருஷ ஆரம்பத்துலயே மொத்தமா போட்டுடுவோம்" என்றான் அண்ணன். குரல் கம்மிப்போயிருந்தது. அறிவாளி. பிள்ளைகளின் மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போடுவதற்கே ஒவ்வொரு பாடமாகக் கேள்வி கேட்டவன்.

மதிப்பீட்டாளர் புத்தகத்தை மூடி ஓரமாகத் தள்ளிவைத்தார். "சரி. இந்தப் புத்தகம் ரெண்டு பேருக்குமே உதவாது. அப்ப மிச்சம் இருக்கறது வாய்ச்சொல்தான்." என் கணவரைப் பார்த்தார். "பிரேக் தேஞ்சிருக்குன்னு எப்பப் பாத்தீங்க?"

"விபத்துக்கு எட்டு நாள் முன்னாடி ஐயா. லைனிங் புதுசு வர பத்து நாள் ஆகும். அதுவரைக்கும் லிஃப்டை ஓட்டக்கூடாதுன்னு சொல்லிட்டேன்."

"நீங்களே சுவிட்சை அணைச்சுப் பூட்டியிருக்கலாமே?"

இவர் சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். போன வருடம் அண்ணன் கொடுத்தது. செயலாளரின் அனுமதி இல்லாமல் எவரும் லிஃப்டை நிறுத்தக் கூடாது, மீறினால் ஒப்பந்தம் ரத்து. மதிப்பீட்டாளர் அதைப் படித்துவிட்டு அண்ணனை ஒரு பார்வை பார்த்தார். அண்ணன் கோட்டுப் பொத்தானைத் திருகினான். எனக்கு அந்தத் தாளும் தெரியும். அதையும் நான்தான் கொண்டுவந்து கொடுத்தேன், "சும்மா ஒரு ஃபார்மாலிட்டியாம்" என்று சொல்லி.

"சொல்லிட்டேன்னீங்க. செயலாளர்கிட்ட நேராச் சொன்னீங்களா?"

"இல்லைங்க ஐயா. என் வீட்டுக்காரம்மா மூலமா."

"எனக்கு அப்படி ஒரு தகவலே வரலை" என்றான் அண்ணன் உடனே. "பிரேக்குன்னு பொதுவா ஏதோ காதுல விழுந்துச்சு. நிறுத்துன்னு யாரும் சொல்லலை. சொல்லியிருந்தா என் பெண்டாட்டியையே அதுல ஏத்துவேனா?"

"சரின்னு சொன்னீங்கன்னு இவ வந்து சொன்னாளே!" என்று இவர் கத்தினார். அண்ணனைப் பார்த்துக் கத்தினார், ஆனால் என்னைக் காட்டிக் கத்தினார்.

மதிப்பீட்டாளருக்குத் திரும்ப வேண்டிய அவசியம்கூட இல்லை. நல்ல காது ஏற்கெனவே என் பக்கம்தான் இருந்தது. "இப்படி வந்து உக்காருங்கம்மா" என்றார்.

அடுத்தவாரம் எழுந்தார். "ஐயா, அவங்க இதுல பார்ட்டி இல்ல..."

"கேஸே அவங்கதான் சார். உக்காருங்க."

நான் மேசைக்கு வந்தேன். அடுத்தவாரம் கண்ணாலேயே ஏதோ ஜாடை காட்டினார். 'எல்லாத்தையும் அப்படியே சொன்னேன்' என்று சொல்லச் சொல்கிறார் என்று புரிந்தது. அப்படிச் சொன்னால் அண்ணன் பொய்யனாகிவிடுவான், இவருக்குப் பத்துக் கட்டடமும் திரும்பக் கிடைக்கும். எவ்வளவு சுலபம். இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடத்தில் அவர் என்னை அப்படிக் கெஞ்சுகிற முகத்தோடு பார்த்ததே கிடையாது.

"உங்க வீட்டுக்காரர் உங்ககிட்ட என்ன சொன்னார்? அவர் சொன்ன வார்த்தையிலயே சொல்லுங்க" என்றார் மதிப்பீட்டாளர்.

எனக்கு ஒரு எழுத்து மறக்கவில்லை. "'பிரேக் போச்சு. இன்னிக்கே லிஃப்டை நிறுத்தச் சொல்லு உன் அண்ணனை. அந்தக் கஞ்சப் பிசினாரி பத்து நாள் படியேறினா செத்துட மாட்டான், லிஃப்டை ஓட்டினா எவனாவது செத்துடுவான்.' இதுதான் ஐயா."

"கஞ்சப் பிசினாரியா?" என்றான் அண்ணன்.

"நீங்க அண்ணன்கிட்ட என்ன சொன்னீங்க?"

கீழே குடையும் சத்தம் அந்த நேரம் பார்த்து நின்றிருந்தது. "'அண்ணா, லிஃப்டை ஒருநாள் நிறுத்திப் பாக்கணுமாம். பிரேக்ல ஏதோ தேய்மானமாம். அவசரம் ஒண்ணும் இல்ல.'"

"அவசரம் இல்லைன்னு யார் சொன்னது?"

"நான்தான் சேத்துக்கிட்டேன். ரெண்டு வாரத்துல சங்கக் கூட்டம் இருந்துச்சு. அண்ணன் கொஞ்சம் டென்ஷனா இருந்தான். அவசரம்னு சொன்னா கத்துவான்னு..."

"அவர் என்ன பதில் சொன்னார்?"

"'கூட்டம் முடியற வரைக்கும் உன் புருஷனை வாயை மூடிக்கிட்டு இருக்கச் சொல்லு. அப்பறம் பாக்கலாம்.'"

"அதை வீட்டுக்காரர்கிட்ட எப்படிச் சொன்னீங்க?"

"'சரின்னுட்டான்'னு சொன்னேன்."

ஏசி மட்டும் வாளியில் இரண்டு சொட்டு விட்டது. இவர் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குக் கோபம் வந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கோபமே வரவில்லை. எல்லாம் முடிந்துவிட்டது என்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார்.

மதிப்பீட்டாளர் பத்து நிமிடம் தனியாக இருந்து யோசிக்க வேண்டும் என்றார். நாங்கள் படிக்கட்டில் வரிசையாக நின்றோம். செய்தி கொண்டுபோகக்கூட யாருக்கும் நான் தேவைப்படவில்லை.

திரும்பிப் போனபோது அவர் ஒரே தாளில் நாலு வரி எழுதிவைத்திருந்தார். "இது தீர்ப்பில்ல" என்று ஆரம்பித்தார். "வழக்கு நடந்தா அஞ்சாறு வருஷம் ஆகும். மெக்கானிக், உங்க முக்கியமான சாட்சியே அந்தப் புத்தகம்தான்னு எழுதியிருக்கீங்க. அது கோர்ட்டுக்குள்ள போனா ஆய்வாளர் கைக்கும் போகும். உங்க லைசென்ஸ் போயிடும். செயலாளர், நீங்க தீர விசாரிக்காம ஒரே நாள்ல ஒருத்தர் பிழைப்புல கை வெச்சிருக்கீங்க. லிஃப்டை நிறுத்தக்கூடாதுன்னு நீங்க கொடுத்த தாள் ஒண்ணு போதும், லெட்டர் நிக்காது. புத்தகத்துல உங்க கையெழுத்தும் இருக்கு. 'சொன்னேன்', 'சொல்லலை'ன்னு ரெண்டு பேரும் சத்தியம் பண்ணுவீங்க. ரெண்டு பேரும் சொல்றது உண்மை. அதனால ரெண்டு பேருமே தோப்பீங்க."

"ஐயா, ஒரே ஒரு கேள்வி" என்றார் என் கணவர். "நான் என் வேலையைச் செஞ்சேனா இல்லையா?"

"பாத்தீங்க, சொன்னீங்க. சரியான ஆள்கிட்ட சொல்லலை" என்றார் அவர். என்னை அதைவிடக் கூர்மையாக அடித்தவர்கள் யாரும் இல்லை, அவர் என்னைப் பார்க்காமலே அடித்தார்.

பிறகு நடந்ததுதான் பெரிய கூத்து. தோற்றுவிடுவோம் என்று கேட்டதும் இரண்டு பக்கமும் ராசியாவதற்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பழைய கடிதம் வாபஸ். நாற்பது சங்கங்களுக்கும் புதுக் கடிதம். மெக்கானிக் மீது தவறில்லை என்றால் அப்புறம் யார் மீது என்று எல்லாரும் கேட்பார்களே? செயலாளர் மீது என்று எழுத அண்ணன் ஒப்பவில்லை. புத்தகத்தைப் பற்றி எழுத இரண்டு பேருமே ஒப்பவில்லை. இரண்டு வக்கீல்களும் தலையோடு தலை சேர்த்து உட்கார்ந்து ஒரு வரியைப் பிடித்தார்கள்: "மெக்கானிக் உரிய நேரத்தில் அளித்த எச்சரிக்கை, அதைத் தெரிவிக்கும் பொறுப்பில் இருந்த குடும்ப உறுப்பினரின் கவனக்குறைவால் செயலாளரை முழுமையாகச் சென்றடையவில்லை."

அறைக்குள் பேசியது அறையைத் தாண்டாது என்றார்கள். நான் மட்டும் தாண்டி நாற்பது கட்டடத்துக்குப் போகப்போகிறேன்.

"இது போதுமா மாப்பிள்ளை?" என்றான் அண்ணன். நேராக, இவர் முகத்தைப் பார்த்து.

"போதும் மச்சான்" என்றார் இவர்.

"சின்ன வயசுலயே இவ இப்படித்தான். ஸ்கூல்ல டீச்சர் என்னைத் திட்டினதை வீட்ல வந்து 'அண்ணனை டீச்சர் விசாரிச்சாங்க'ன்னு சொல்லுவா."

இவர் சிரித்தார். அண்ணனும் சிரித்தான். அடுத்தவாரமும் ஒரு சிரிப்புச் சிரித்துவைத்தார். ஒன்பது வருடம் நான் பொத்திப் பொத்திக் காப்பாற்றியும் சேராத இரண்டு பேர், என்னைத் தூக்கி நடுவில் போட்டதும் ஐந்து நிமிடத்தில் சேர்ந்துவிட்டார்கள். இறங்கும்போது இவர் அண்ணனின் கோட்டைப் பிடித்து, "படி ஈரமா இருக்கு, பாத்து" என்றார்.

இரண்டு வாரத்தில் ஆறு கட்டடம் திரும்பி வந்தது. அண்ணன் வீட்டு லிஃப்டுக்கும் இவர்தான். இப்போது முன்வாசல் வழியாகவே போகிறார். இருவரும் மெஷின் ரூமில் நின்று மணிக்கணக்கில் பேசுகிறார்களாம். என்னிடம் பேசுவதற்குத்தான் இரண்டு பேருக்கும் விஷயமே இல்லை. எங்கள் கட்டடத்தின் அறிவிப்புப் பலகையில்கூட அந்தக் கடிதம் ஒட்டியிருந்தது. 'குடும்ப உறுப்பினர்' யார் என்று யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. காய்கறிக் கடையில் ஒருத்தி, "என்னம்மா, சொல்ல மறந்துட்டீங்களாமே?" என்றாள். மறந்துவிட்டேன் என்று நினைக்கிறார்கள். நான் எதையும் மறந்து தொலைப்பதில்லை என்பதுதான் என் வியாதி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணி ஃபோன் செய்தார். விபத்துக்குப் பிறகு எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், கஞ்சி காய்ச்சிக் கொடுத்திருக்கிறேன், கால் பிடித்துவிட்டிருக்கிறேன். இதைப் பற்றி ஒரு வார்த்தை அவர் பேசியதில்லை. யாரும் அவரிடம் எதுவும் கேட்டதும் இல்லை. முறிந்தது அவர் கால். மதிப்பீட்டுக்கு அவரை ஒருவரும் கூப்பிடவில்லை.

"அன்னிக்கு உன் வீட்டுக்காரர் என்னதான் சொன்னார்?" என்றார் அண்ணி. "உன் அண்ணனைக் கேட்டா சிரிக்கறார், சொல்ல மாட்டேங்கறார். நீ அப்படியே சொல்லு. வெட்டாம சொல்லு."

சொன்னேன். பிசினாரி, படியேறினா செத்துட மாட்டான், எல்லாம்.

"இதை இப்படியே அவர்கிட்ட சொல்லியிருக்கக்கூடாதா?"

"எப்படி அண்ணி? எவ்வளவு கோவப்பட்டிருப்பான்."

"அதைத்தான் சொல்றேன். உன் அண்ணனை எனக்குத் தெரியாதா? கஞ்சன்னு ஒரு வார்த்தை காதுல விழுந்தா போதும். வீம்புக்குன்னே அந்த நிமிஷம் லிஃப்டை நிறுத்திப் பூட்டிட்டு, எட்டு மாடியிலயும் நோட்டீஸ் ஒட்டியிருப்பார். 'யார் கஞ்சன்னு பாக்கட்டும்'னு கத்திக்கிட்டு அவரே மொதல்ல படியேறியிருப்பார். நான் செவ்வாய்க்கிழமை படியில எறங்கியிருப்பேன்." மூச்சு வாங்கினார். "அந்த வசவுதான்டி என் காலைக் காப்பாத்தியிருக்கும். அதை எடுத்துட்டியே."

அண்ணி ஃபோனை வைத்துவிட்டார்.

இவர் சாப்பிட்டுக்கொண்டே, "என்னவாம் உன் அண்ணிக்கு?" என்றார்.

கால் தேவலையாம், உங்களை விசாரித்தார்கள் என்று வாய் வரை வந்தது. விழுங்கினேன். அண்ணி சொன்னதை ஒரு வார்த்தை விடாமல், அதே வரிசையில் சொன்னேன்.

கேட்டு முடித்ததும் அவர் முகம் மலர்ந்தது. "பாத்தியா?" என்றார். "நான் சொன்னது சரிதான்னு அவங்களே சொல்லிட்டாங்க." இன்னொரு கரண்டி சாதம் போட்டுக்கொண்டார். அண்ணனுக்கு ஃபோன் போட்டுச் சொல்ல வேண்டும் என்று ஃபோனைத் தேடினார்.

அவர் சொன்னது சரிதான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.